வாவியை விட்டுப் புறப்பட்ட ஒலி

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1865இல் ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலைத் தன் நண்பர் ஒருவருக்குக் காணிக்கையாக்கினார். நண்பரின் பெயர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். டிக்கன்ஸைப் படிக்கிறவர்கள் அந்தப் பெயரில் நிற்பதில்லை, கதைக்குப் போய்விடுவார்கள். மட்டக்களப்பார் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். அந்த மனிதர் 1848 செப்டெம்பரில் ஒரு நிலவு இரவில் புளியந்தீவுக் கோட்டையடித் துறையில் தோணி ஏறினார். வாவிக்குள்ளிருந்து வந்த ஒலியைக் கேட்டார். கேட்டதை எழுதி வைத்தார். அன்றிலிருந்துதான் எங்கள் வாவியின் ஒலி ஊர் விட்டு ஊர் போகத் தொடங்கியது.

ஒரு சிலைக்கோ வாளுக்கோ வரலாறு எழுதுவது சுலபம். யார் செய்தார், யார் வாங்கினார், எந்தப் போரில் யார் கொள்ளையிட்டார் என்று கைமாறிய கணக்கு இருக்கும். ஒலிக்கு அப்படி உடைமைக்காரர் இல்லை, கேட்டவர்கள்தான் உண்டு. ஆகவே இந்த ஒலியின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கேட்டவர்களின் கதையைச் சொல்ல வேண்டும். அவர்களில் முதன்முதலாக விரிவாக எழுதி வைத்தவர் ஓர் அரசியல்வாதி. அதுவும் விசித்திரமான அரசியல்வாதி.

ஜேம்ஸ் எமர்சன் 1804இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தகப்பன் புகையிலை வியாபாரி. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படிப்பு. இருபது வயதில், ஐரோப்பாவின் அந்தக் காலத்துப் பொடியன்மாருக்கு எல்லாம் பிடித்த பைத்தியம் இவருக்கும் பிடித்தது: துருக்கியரிடமிருந்து கிரேக்கத்தை விடுவிக்கும் போர். கவிஞர் பைரன் போன வழியிலேயே இவரும் கிரேக்கத்துக்குப் போனார். திரும்பி வந்து 1825இன் கிரேக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

அதே கிரேக்கத்துக்குப் பாரிஸில் இருந்தபடியே தன் பங்கைக் கொடுத்தவர் டேவிட் டாஞ்சேர். ஆஞ்சே ஊர்ச் சிற்பி, குடியரசுக் கொள்கைக்காரர். போரில் மாண்ட மார்கோஸ் பொட்சாரிஸ் என்ற வீரனின் சமாதிக்காக ஒரு சிறுமியைச் சலவைக்கல்லில் செதுக்கினார். கல்லறைமேல் சாய்ந்து கிடந்து, அதில் பொறித்த பெயரை விரலால் தடவிப் படிக்கும் சிறுமி. மிசொலொங்கிக்கு அனுப்பப்பட்டது அந்தச் சிலை. பைரன் செத்த ஊரும் அதுதான். ஒருவருக்கு உளி, மற்றவருக்குப் பேனா. கொண்ட ஆவேசம் ஒன்று. இருவரும் சந்தித்ததாகச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. 1848 என்ற ஆண்டு வரும்போது இருவரும் எங்கே நின்றார்கள் என்பதுதான் பார்க்கத்தக்கது.

எமர்சன் 1831இல் லெற்றீஷியா டெனன்ட்டைக் கலியாணம் செய்தார். மாமனார் வில்லியம் டெனன்ட் பெரிய செல்வந்தர். ஆனால் அவருடைய இளமைக் கதை வேறு. பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து அயர்லாந்திலும் குடியரசு வேண்டுமென்று கிளம்பிய ‘ஐக்கிய அயர்லாந்தர்’ இயக்கத்தில் முன்னணியில் நின்றவர் அவர். 1798 கிளர்ச்சிக்குப் பிறகு ஸ்கொட்லாந்தின் ஃபோர்ட் ஜோர்ஜ் கோட்டையில் சிறையிருந்தவர். 1832இல் கொலராவில் அவர் இறக்க, மருமகன் சொத்தோடு குடும்பப் பெயரையும் ஏற்று எமர்சன் டெனன்ட் ஆனார். அதே ஆண்டு பெல்ஃபாஸ்ட் தொகுதியில் வென்று லண்டன் பாராளுமன்றம் போனார். மாமனார் சிறை போனது பிரித்தானியாவை எதிர்த்து. மருமகன் பாராளுமன்றத்தில் பேசிப் பேரெடுத்தது அயர்லாந்து பிரித்தானியாவோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று. சொத்தோடு கொள்கையும் கைமாறவேண்டும் என்று உயிலில் யாரும் எழுதுவதில்லையே.

1845இல் சேர் பட்டத்தோடு இலங்கையின் குடியேற்றச் செயலாளராக நியமனம். தேசாதிபதிக்கு அடுத்த நாற்காலி. தன் ஊர்க்காரரும் தன் வயதுக்காரருமான அன்ட்ரூ நிக்கல் என்ற ஓவியருக்கும் இங்கே வழி செய்தார். நிக்கல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் படிப்பித்தார், காட்டுக்குள் போய்ப் பாழடைந்த நகரங்களை வரைந்தார். டெனன்ட்டின் இலங்கை நூலில் உள்ள படங்கள் சில அவருடைய கையிலிருந்து வந்தவை. தூபியை வரையலாம், ஆலமரத்தை வரையலாம். வாவி ஒலியை மட்டும் நிக்கலால் வரைய முடியாது. அதை டெனன்ட்டே எழுத்தில் பிடிக்க வேண்டியிருந்தது.

இனி 1848. பெப்ரவரியில் பாரிஸ் தெருக்களில் அரசன் விழுந்தான், இரண்டாம் குடியரசு எழுந்தது. டேவிட் டாஞ்சேர் பாரிஸின் ஒரு வட்டாரத்துக்கு மேயரானார், அரசியல் நிர்ணய சபைக்கும் தெரிவானார். அரசன் விழுந்த செய்தி கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. இங்கே கோப்பி விலை விழுந்து கஜானா காலி. தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார். ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை, செய்யாவிட்டால் காசு. டெனன்ட் 1847இல் தீவின் நிதி நிலைமை பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கையும் இந்த வரித்திட்டத்துக்கு ஓர் அடிப்படை. யூலையில் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சுக்காரர் தம் அரசனை என்ன செய்தார்கள் பார்த்தீர்களா என்று அது கேட்டது. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எலியட்டும் அயர்லாந்துக்காரர்தான். கடிதம் சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டுக் கைமாறிற்று. அந்த மாதக் கடைசியில் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்தது. இராணுவச் சட்டம் வந்தது. ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு சுடப்பட்டார். அதே மாதம் ஒரு பௌத்த பிக்குவைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். அரசனென்று முடிசூட்டிக்கொண்ட கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் பிடிபட்டார்.

அதே செப்டெம்பரில்தான் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. கிரேக்கக் கிளர்ச்சிக்காக இருபது வயதில் கப்பலேறியவர், நாற்பத்து நாலு வயதில், தான் ஆளும் தீவில் ஒரு கிளர்ச்சி சுட்டு அடக்கப்பட்டுக்கொண்டிருந்த மாதத்தில், வாவிக்குள் மீன் பாடுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இதை அவருக்கெதிரான குற்றப்பத்திரமாகச் சொல்லவில்லை. அதிகாரிகள் கடமைச் சுற்றுப்பயணம் போவார்கள், போன இடத்தில் புதினம் விசாரிப்பார்கள். ஆனாலும் வாவி ஒலியின் முதல் விரிவான எழுத்துச் சாட்சியம் எந்தக் காலத்தில் பிறந்தது என்பது நம் பாடப்புத்தகங்களில் இல்லை. அதனால் சொல்லி வைக்கிறேன்.

விசாரிப்பை அவர் ஒழுங்காகச் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே இருந்த தோணித்துறையை ஒட்டி, மேலும் கீழுமாகச் சில இடங்களில் தண்ணீருக்கடியிலிருந்து இசை கேட்கிறது, பூரணை நெருங்கும் இரவுகளில் தெளிவாகக் கேட்கிறது, காற்றில் தானே மீட்டும் யாழ் போலிருக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் நேரே மீனவர்களைக் கூப்பிட்டு விட்டார். அவர்கள் தயங்கவில்லை. எங்கள் அப்பன்மாருக்கும் இது தெரியும் என்றார்கள். வெயில் காலத்தில் மட்டும் கேட்கும், மழை பெய்து வாவியில் வெள்ளம் ஏறினால் நின்றுவிடும் என்றார்கள். மூன்றாவதாகச் சொன்னதுதான் முக்கியம்: அது மீன் இல்லை, ஊரி, அதாவது ஓட்டுக்குள் வாழும் நத்தை வகை. ‘ஊரி குளிறுகிறது’ என்பது போல ஒலிக்கும் சொற்களை டெனன்ட் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். சரி, கொண்டு வாருங்கள் பார்ப்போம் என்று அனுப்பினார். அவர்கள் போய் உயிரோடு சில ஊரி வகைகளைப் பிடித்து வந்து கொடுத்தார்கள்.

நிலவு எழும்பிய பிறகு அதே மீனவர்களோடு தோணியில் போனார். கோட்டை வாசல் இறங்குதுறையிலிருந்து வடகிழக்கே இருநூறு யார் அளவு. காற்றில்லை. துடுப்பு கிளப்பிய அலையைத் தவிர வேறு அலையில்லை. குறித்த இடம் வந்ததும் ஒலி கேட்டது. ஒரே நீண்ட சுரமாக அல்ல, தனித்தனியாகப் பிரித்தறியக்கூடிய எண்ணற்ற சின்னஞ்சிறு ஒலிகளாக, உச்ச ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் கலந்து கேட்டது. வைன் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும் அதிர்வைப் போல என்று அவர் எழுதுகிறார். வைன் வரி பற்றிப் பிற்காலத்தில் ஒரு நூலே எழுதப்போகிறவருக்கு அந்த உவமை வந்தது பொருத்தம்தான். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருத்தது. தோணி நகர நகரக் கூடிக் குறைந்தது, சில இடத்தில் அடியோடு நின்றது, திரும்பி வந்தால் மறுபடியும் கேட்டது.

அந்தப் பலகை விஷயம் வெறும் புதினமில்லை. நீருக்குள் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் வேகத்தில் ஓடும், காற்றில் 340 தான். இரண்டும் சந்திக்கும் நீர்ப்பரப்பில் ஒலியின் பெரும்பங்கு வெளியே வராமல் திரும்பி நீருக்குள்ளேயே போய்விடும். கரையில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கேட்காததற்குக் காரணம் அதுதான். மரம் நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி மரத்தின் வழியே ஏறி வரும். எங்கள் தோணிக்காரர் இதற்குப் பலகைவரை குனிவதில்லை. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியைக் காதோடு அணைத்துக்கொள்வார்கள். துடுப்பு ஆடக்கூடாது, பிடித்த கை இறுகவும் கூடாது. கை இறுகினால் கைநடுக்கமே காதில் இரையும். முதலில் கேட்பது துடுப்பில் தண்ணீர் சளசளக்கும் சத்தம்தான். அது அடங்கும் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடியிலிருந்து வருவது பிரிந்து கேட்கும். பௌதிகம் படித்தவன் எழுதிய முறை இல்லை இது, ஆனால் பௌதிகத்துக்கு ஒரு இழை பிசகாத முறை.

கண்டிக் கலகத்தை அடக்கிய விதம் லண்டன் பாராளுமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. டொரிங்டன் பதவி விலகினார். டெனன்ட்டின் இலங்கை நாட்கள் 1850இல் முடிந்தன. ஆனால் அவர் விழவில்லை. மறுபடி பாராளுமன்றம், பிறகு வர்த்தக வாரியத்தின் செயலாளர் பதவி, கடைசியில் பரனெட் பட்டம். டேவிட் டாஞ்சேருக்கு வாய்த்தது எதிர்ப்புறம். 1851 டிசெம்பரில் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்ததும் சிற்பி நாடு கடத்தப்பட்டார். 1852இல் கிரேக்கம் போய்த் தன் சிறுமி சிலையைப் பார்த்தார். அது சிதைக்கப்பட்டுக் கிடந்தது.

சலவைக்கல் உடைந்தது. ஒலியோ ஒரு சேதமும் இல்லாமல் அச்சேறியது. டெனன்ட்டின் ‘சிலோன்’ 1859இல் இரண்டு பெரிய பாகங்களாக வந்தது, வந்த வேகத்தில் பதிப்பு மேல் பதிப்பு கண்டது. மட்டக்களப்பு இரவு அதில் இருந்தது. 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றித் தனி நூலும் எழுதினார். ஐரோப்பிய மேசைகளில் எங்கள் வாவி ஒலிக்கத் தொடங்கியது இப்படித்தான். டெனன்ட் நேர்மையான எழுத்தாளர். மீனவர் ஊரி என்று சொன்னதை மறைக்கவில்லை, அதைக் கேலியும் செய்யவில்லை. ஒலியெழுப்பும் ஒரு கடல் மெல்லுடலியைப் பற்றி எடின்பரோவில் கிராண்ட் என்பவர் பார்த்துச் சொன்னதைத் துணைக்கு எடுத்துக்காட்டி, மீனவர் சொல்வதில் நியாயம் இருக்கக்கூடும் என்ற பக்கமே சாய்ந்தார். ஆனால் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது அதையல்ல. ஊரி பாடுகிறது என்பதைவிட மீன் பாடுகிறது என்பது காதுக்கு அழகு. உலகம் அழகான பக்கத்தை வைத்துக்கொண்டது.

மீன் என்ற பக்கத்துக்கும் பௌதிக நியாயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. பல மீன்கள் உள்ளே இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்துச் சத்தமிடும். சில கெளிறு வகைகள் செட்டை முள்ளை மூட்டில் தேய்த்துக் கிறீச்சிடும். இனப்பெருக்க காலத்து இரவுகளில் இவை கூட்டமாகக் கத்துவது உலகின் பல கழிமுகங்களில் பதிவான சங்கதி. ஊரி ஓட்டுக்குள் அப்படி ஒரு வாத்தியம் இருப்பதாக உயிரியல் படித்தவர்கள் லேசில் ஒப்பமாட்டார்கள். என் கட்சி என்னவென்றால், மீனவர் ஒலிக்கு உரியது எது என்பதில் பிழைத்திருக்கலாம். எப்போது, எங்கே, எந்தத் தண்ணீரில் என்பதில் பிழைக்கவில்லை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, முகத்துவாரம் மணல் மூடி நீர் அசையாமல் கிடக்கும் காலம். மாரி வந்து, முகத்துவாரம் வெட்டி, கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவே கலங்கல் ஓடினால் ஒன்றுமில்லை. டெனன்ட்டுக்குப் பிறகு எழுதியவர்கள் எல்லாரும் இந்தப் பருவக் கணக்கைத்தான் திருப்பித் திருப்பி எழுதினார்கள். அது அந்த மீனவர்களின் கணக்கு. அவர்களின் பெயர் ஒன்றுகூட நூலில் இல்லை.

அடுத்த கைமாற்றத்துக்கு மீண்டும் பிரான்ஸுக்குப் போக வேண்டும், ஆனால் புறவாசலால். மூன்றாம் குடியரசின் ஆட்சியாளர்கள் 1880இல் இயேசு சபையைத் தங்கள் நாட்டில் கலைக்க ஆணையிட்டார்கள். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானபோது அதன் பொறுப்பு பிரெஞ்சு இயேசு சபையிடம் போனது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குப் பொனெல் அடிகள் போன்றவர்கள் வந்தார்கள். அங்கே படித்து 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறிய காரைதீவுப் பொடியன் ஒருவர்: மயில்வாகனம். லண்டன் பி.எஸ்ஸி. முடித்து, துறவு பூண்டு, விபுலாநந்தர் ஆனார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாசலில் நின்றால் வாவிக் காற்று முகத்தில் அடிக்கும்.

ஐரோப்பியர் இந்த ஒலியைக் காற்று யாழுக்கு ஒப்பிட்டார்கள். விபுலாநந்தரோ சிலப்பதிகாரத்திலும் சங்க நூல்களிலும் பெயராக மட்டும் மிஞ்சிப் போன தமிழ் யாழைத் தேடிக்கொண்டிருந்தவர். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, மறைந்த வாத்தியத்தைத் திரும்பக் கட்டலாம் என்று ஆண்டுக்கணக்காக உழைத்தார். அதன் விளைவான ‘யாழ் நூல்’ கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அந்தப் பெரிய ஆராய்ச்சி நூலில் வாவியின் இசைக்கும் இடம் கொடுத்தார், நீரரமகளிர் எழுப்பும் இசையாகக் கவிதையில் வைத்து. விஞ்ஞானம் படித்த கணக்காளருக்கு மீனா ஊரியா என்ற வழக்கு தெரியாமலிருக்காது. தெரிந்தும் அந்த வழக்குக்கே போகாமல் ஒலியை இசை இலக்கணத்துக்குள் குடியேற்றிவிட்டார். அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரத்தில், யூலை 19 அன்று, காலமானார். உடல் சிவாநந்த வித்தியாலய வளவில் இருக்கிறது.

பிரெஞ்சுக் குருமாருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸிலிருந்து வந்த இயேசு சபையினர் மிக்கேல் கல்லூரியைப் பொறுப்பேற்றார்கள். அவர்களில் லாங் அடிகள் ஒலிப்பதிவுக் கருவியோடு வாவிக்குள் போய், கேட்டதை நாடாவில் பிடித்தார். அது வானொலியில் ஒலித்தது. டெனன்ட்டின் எழுத்திலும் விபுலாநந்தரின் பாட்டிலும் வாழ்ந்த ஒலி, முதல்முறையாக ஒலியாகவே ஊர் தாண்டியது.

பிறகு யுத்தம். கல்லடிப் பாலத்தில் சோதனைச்சாவடி, இரவில் தோணி இறக்கத் தடை. நிலவிருந்தும் வாவிக்குள் யாருமில்லாத இரவுகள் எத்தனையோ. பல ஆண்டுகள் ஒலி இருந்திருக்கும், கேட்கக் காதிருக்கவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி அதிபராயிருந்தவரும் பாராளுமன்றத்துக்குப் போய் வந்தவருமான பிரின்ஸ் காசிநாதர் முதிய வயதிலும் பத்திரிகைக்காரர் வந்தால் இந்த ஒலியைப் பற்றி அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அரசியல்வாதி கையில் தொடங்கிய சங்கதி, இடையில் துறவிகளைச் சுற்றி வந்து, திரும்பவும் ஓர் அரசியல்வாதியின் வாயில்.

இப்போது கல்லடியில் 1920களின் இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இன் புதுப்பாலம் நிற்கிறது. பழையதில் மாலையில் காற்று வாங்குவார்கள், புதியதில் லொறி ஓடும். வெயில் காலத்துப் பூரணைக்குச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. போகிறவர்கள் படகின் மோட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு மரத்துடுப்பைக் கேட்டு வாங்குவது நல்லது, பிளாஸ்ரிக் துடுப்பில் கேட்கவில்லை என்று பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் ரயில் ஒன்றுக்கு ‘மீனகயா’ என்று பெயர். மீன் பாட்டு என்பதுதான் பொருள். ஊரிக்கு இன்னும் ரயில் விடவில்லை.